சந்தோஷத்துக்குப் பயந்தவள்

டாக்டர் என்னை ஒரு குழுவில் சேரச் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது பயம்தான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாரம் ஒரு நாள் மதியம் கூடுகிறார்கள் என்றார். வருகிறவர்கள் எல்லோரும் என்னைப் போல நெடுநாளாக மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அங்கே நோயைப் பற்றிப் பேசுவது குறைவு. இந்த வாரம் நல்லது என்ன நடந்தது, நம்மிடம் நல்லது என்ன இருக்கிறது என்றுதான் பேசுவார்கள். "சந்தோஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாப் பழகிக்கிற வகுப்புன்னு வச்சிக்குங்களேன்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் என் உள்ளங்கை வியர்த்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். சந்தோஷம் என்றதும் எங்கள் இரண்டு பேர் மனதிலும் ஒரே காட்சிதான் ஓடியது என்பது எனக்குத் தெரியும்.

எனக்கு இருப்பது இருமுனைக் கோளாறு. சில மாதம் எழுந்து பல் தேய்க்கக்கூட முடியாத துக்கம் வரும். அது போய் நன்றாக இருப்பேன். பிறகு என்றைக்காவது அதற்கு நேர்மாறான ஒன்று வரும். துக்கத்தைப் பார்த்து எங்கள் வீட்டில் யாரும் அவ்வளவாகப் பயந்ததில்லை. மற்றதுதான் எல்லோரையும் நடுங்க வைத்தது.

அது பெரிதாக வந்தபோது மகள் மூன்றாம் வகுப்பு. சிதம்பரத்தில் கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இன்றும் இருக்கிற அதே வாடகை வீட்டில் நான் இந்தி டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆருத்ரா தரிசனம் முடிந்த வாரம். தெருவெல்லாம் வெளியூர்க் கூட்டம் வடிந்து கிடந்தது. எனக்குத் தூக்கம் வருவது நின்றுபோயிருந்தது. ஆனால் களைப்பே இல்லை. வாசலில் போட்ட கோலத்தின் வெள்ளை கண்ணைக் கூச வைத்தது. பூக்காரியின் கூடையில் இருந்த கனகாம்பரம் எரிவது போலத் தெரிந்தது. உலகத்தில் உள்ள எல்லாமே எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். பார்த்தவர்களிடமெல்லாம் பேசினேன். பேச்சு எனக்கு முன்னால் ஓடியது.

அந்த நிலையில்தான் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் கூட்டிக்கொண்டு பிச்சாவரத்துக்குப் போனேன். படகு எடுத்தோம். இரண்டு பக்கமும் சுரபுன்னை மரங்கள் கவிந்து கிடக்கிற ஒடுக்கமான வாய்க்காலுக்குள் படகு நுழைந்ததும் நான் எழுந்து நின்றேன். இந்தத் தண்ணீர் நம்மைத் தாங்கும், நடந்தே போகலாம் என்று மகளிடம் சொல்லி அவள் கையைப் பிடித்து இழுத்தேன். படகுக்காரர் துடுப்பைப் போட்டுவிட்டுப் பாய்ந்து என்னைப் பிடித்து உட்கார வைத்தார். மகள் அலறிக்கொண்டு அவர் கால்களைக் கட்டிக்கொண்டாள். என்னையல்ல, முன்பின் தெரியாத ஒரு மனிதரின் கால்களை.

அங்கே ஆழம் அதிகமில்லை என்று பிறகு சொன்னார்கள். என் மகள் அப்போது என் இடுப்பு உயரம்தான்.

இதில் நான் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. அந்தப் படகில் எழுந்து நின்ற கணத்தில் இருந்த அளவு சந்தோஷமாக நான் வாழ்க்கையில் ஒருநாளும் இருந்ததில்லை. கல்யாணத்தில் இல்லை, மகள் பிறந்தபோதும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, டியூஷன் பிள்ளைகளெல்லாம் நின்றுபோய், தெரு என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொள்ளப் பழகிய பிறகு, நான் எனக்குள் ஒன்று முடிவு செய்துகொண்டேன். இனிமேல் சந்தோஷம் வேண்டாம். சும்மா இருந்தால் போதும்.

என் வீட்டுக்காரர் கீழவீதியில் ஒரு எலெக்ட்ரிக்கல் கடையில் வேலை பார்க்கிறார். கோபக்காரர் இல்லை. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு நான் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால் போதும், எங்கிருந்தாலும் வந்து வாசற்படியில் நின்று "மாத்திரை போட்டியா?" என்று கேட்பார். மகளும் அப்பாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். நான் சிரித்தால் அவள் என்னைப் பார்க்கமாட்டாள். அப்பாவின் முகத்தைத்தான் பார்ப்பாள்.

இப்படிப்பட்டவளைத்தான் சந்தோஷத்தைப் பழகிக்கொள்ளச் சொன்னார் டாக்டர்.

முதல் நாள் பஸ் கடலூர் பழைய டவுனான ஓ.டி.யைத் தாண்டும்போதே இறங்கித் திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். அங்கே என்னைவிட மோசமானவர்கள் இருந்தால் நானும் அப்படி ஆகிவிடுவேனோ என்று ஒரு பயம். எல்லோரும் என்னைவிடத் தெளிவாக இருந்தால் என்ன செய்வது என்பது இன்னொரு பயம். மாதா கோயில் ஒன்றின் பின்பக்கத்தில், மாடியில் ஒரு அறை. ஜன்னல் வழியாக மைதானம் தெரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. நடத்துகிறவர் உளவியல் படித்த பெண், என்னைவிடச் சின்ன வயது. நாங்கள் அவரை மேடம் என்போம், அவர் எங்களை அக்கா, அண்ணா என்பார். ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அதில் இரண்டு பேரைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஒருவர் ஓ.டி.யில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் உடைத்து ஏற்றுகிற வேலை. அவர் காதில் ஆட்கள் பேசுவார்கள். மருந்து சாப்பிட்டும் அந்தக் குரல்கள் முழுசாகப் போகவில்லை. எல்லோரும் அவரை அண்ணன் என்று கூப்பிட்டார்கள். இன்னொருத்தி காடாம்புலியூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவள். வீட்டில் முந்திரி உடைக்கிற வேலை. முந்திரி ஓட்டின் பால் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். அவள் அண்ணி கொண்டுவந்து விட்டுவிட்டுக் கீழே காத்திருப்பாள். இவள் பேசவே மாட்டாள். கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து ஓடத் தயாராக இருப்பதுபோல முந்தானையைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

முதல் பயிற்சி, இந்த வாரம் நடந்த நல்லது ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐஸ் கம்பெனி அண்ணனின் முறை வந்ததும் அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டு, மேடத்தின் பக்கம் சாய்ந்து, கிசுகிசுவென்று ஏதோ சொன்னார். பிறகு எங்களைப் பார்த்து, "சத்தமா சொன்னா அவுங்க கேட்டுக்குவாங்க. கெடுத்துடுவாங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை. எனக்குத் தலையிலிருந்து கால் வரை சில்லிட்டுப் போனது. அவர் சொன்னது எனக்கு அப்படியே புரிந்துவிட்டது. நல்லதை வெளியே சொன்னால் நோய் அதைப் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெளியிலிருந்து கேட்க யாரும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

என் முறை வந்தபோது ஒன்றுமில்லை என்றேன். அடுத்த வாரமும் ஒன்றுமில்லை. அதற்கடுத்த வாரம், மழையில் துணி நனையாமல் எடுத்துவிட்டேன் என்றேன். அதுகூட அதிகமாகிவிட்டதோ என்று பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன்.

காடாம்புலியூர்க்காரி, கதவுப் பக்கத்து நாற்காலி கிடைக்காவிட்டால் உள்ளே வரமாட்டாள் என்று கவனித்தேன். அதனால் நான் சீக்கிரம் போய்விடுகிற நாட்களில் என் பையை அந்த நாற்காலியில் வைத்துவிடுவேன், அவள் வந்ததும் எடுத்துக்கொள்வேன். நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

சில மாதம் கழித்து ஒருநாள் வேறொரு பயிற்சி. ஒருவர் நடுவில் உட்கார வேண்டும், மற்றவர்கள் அவரிடம் தாங்கள் பார்த்த நல்ல குணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். என்னை உட்கார வைத்தார்கள். பொறுமைசாலி என்றார் ஒருவர், நன்றாகக் காதுகொடுத்துக் கேட்பார் என்றார் இன்னொருவர். அதெல்லாம் காதில் விழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. அப்போது கதவுப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"இந்த யக்கா எனக்கு எடம் புடிச்சி வைக்கும். நான் கேக்கவே இல்ல. அதுவா வைக்கும்."

அந்த அறையில் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று உடைந்து வெதுவெதுப்பாகப் பரவியது. அதைத் தடுக்க எனக்குத் தெரியவில்லை.

பஸ்ஸில் வரும்போது ஆலப்பாக்கத்தைத் தாண்டி சவுக்குத் தோப்பில் மாலை வெயில் விழுந்திருந்தது. என்ன பச்சை என்று நினைத்தேன். நினைத்த அந்த நொடியே உடம்பு விறைத்துவிட்டது. போன தடவையும் நிறத்தில்தான் ஆரம்பித்தது. கண்ணை மூடிக்கொண்டு சிதம்பரம் வரும்வரை திறக்கவில்லை.

வீட்டில் அரிசி களையும்போது என்னையறியாமல் ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்திருக்கிறேன். திரும்பினால் வாசற்படியில் அவர் நிற்கிறார். அவர் கேட்பதற்கு முன்பே மகள் தன் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பத்தாவது படிக்கிற பெண். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

"போட்டேன் மாமா" என்றேன், அவர் கேட்காமலேயே.

மறுநாள் விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழிப்பு வந்துவிட்டது. களைப்பு இல்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. மனதில் யோசனைகள் வர ஆரம்பித்தன. மறுபடி டியூஷன் ஆரம்பிக்கலாம். முன் அறையில் பாய் போட்டால் போதும். பழைய பிள்ளைகளின் அம்மாக்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்யலாம். நல்ல யோசனைதான். யார் கேட்டாலும் நல்ல யோசனை என்றுதான் சொல்வார்கள். போனைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. இதை நினைப்பது நானா, இல்லை அதுவா? காலொடிந்தவருக்கு வலி காலில் இருக்கிறது என்று தெரியும். எனக்கு நோய் வந்தால் அது என் குரலில்தான் பேசும். என் ஆசைகளையே எடுத்து என்னிடம் நீட்டும். போனைக் கீழே வைத்தேன். அடுப்படியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். அவளைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை வந்தது. அது சாதாரண ஆசையா என்றுகூட எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அந்த அளவு பயம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை. படகில் நான் பயப்படவே இல்லையே.

மதியம் அவர் சாப்பிட வந்தபோது சோறு போடாமல் எதிரில் நின்றேன்.

"மாமா, எனக்குப் பயமா இருக்கு. தூக்கம் கொறையுது. வா, டாக்டர்கிட்ட போலாம்."

அத்தனை வருடத்தில் நானாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. எப்போதும் அவர்தான் கண்டுபிடிப்பார், நான் இல்லையென்று சண்டை போடுவேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. கடைக்குப் போன் செய்து வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டில் மகளுக்காகச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். கடலூர் போகும்வரை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தார். ஆறுதலுக்குப் பிடிக்கிற பிடி இல்லை அது. ஓடிவிடாமல் பிடிக்கிற பிடி. எனக்கு அது தேவையாகத்தான் இருந்தது.

டாக்டர் நிறையக் கேட்டார். பேச்சு வேகமாக வருகிறதா, எதையாவது வாங்கவோ கொடுக்கவோ தோன்றுகிறதா, எரிச்சல் வருகிறதா. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது நோயா, வெறும் சந்தோஷமான்னு இன்னிக்கே சொல்ல முடியாதும்மா. ராத்திரி மாத்திரையைக் கொஞ்சம் கூட்டுறேன். நாலு நாள் பாப்போம்" என்றார். மருந்தை விட, அவர் தெரியவில்லை என்று சொன்னதுதான் என்னைக் கலக்கியது. அவருக்கே தெரியாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்?

அந்த நாட்கள் கொடுமை. தூக்கம் வரவேண்டுமே என்று படுத்தால் அந்தப் பயத்திலேயே தூக்கம் போகும். மகள் அத்தை வீட்டுக்குப் போகிறேன் என்றாள், அனுப்பிவிட்டோம். போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனாள், ஆனால் கிட்டே வரவில்லை. கத்தியை எங்கே வைத்தோம், மொட்டைமாடிக் கதவு பூட்டியிருக்கிறதா என்று அவர் எனக்குத் தெரியாமல் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் காலையில் தெரியாத நம்பரிலிருந்து போன். எடுத்தால் ஒரு மூச்சுச் சத்தம் மட்டும். வைத்துவிடலாமா என்று நினைத்தபோது, "யக்கா, தூங்குனியா?" என்றது குரல். காடாம்புலியூர்க்காரி. எனக்குத் தூக்கமில்லை என்று அவளிடம் சொல்லி நம்பரைக் கொடுக்கட்டுமா என்று மேடம் கேட்டதும், நான் சரி என்றதும் மறந்தே போயிருந்தது. கொஞ்சம் தூங்கினேன் என்றேன். "சரி" என்று வைத்துவிட்டாள். மறுநாளும் அதே நேரம், அதே கேள்வி. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. நாலாம் நாள் நன்றாகத் தூங்கினேன் என்று சொன்னபோது, "நானும்" என்றாள்.

தூக்கம் திரும்பிவிட்டது. யோசனைகள் வேகம் குறைந்து சாதாரண யோசனைகளாயின. நான் பயந்தது வரவில்லை. மருந்து தடுத்ததா, வருவதற்கு ஒன்றும் இருக்கவே இல்லையா என்று டாக்டரிடம் கேட்டேன். இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், சீக்கிரம் வந்ததுதான் முக்கியம் என்றார். இன்றுவரை எனக்கு விடை தெரியாது.

அடுத்த வாரம் குழுவுக்குப் போனது விடைபெற்றுக்கொள்ளத்தான். எல்லோர் முன்னாலும் சொன்னேன். உங்கள் மேல் குறை இல்லை, ஆனால் எனக்கு இந்த வகுப்பு ஆபத்து, சந்தோஷம் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்றேன். பிச்சாவரத்தில் நடந்ததையும் சொன்னேன். அந்தக் கணத்தில் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். சொல்லும்போது தரையைத்தான் பார்த்தேன்.

டாக்டர் போன் செய்து விஷயம் சொன்ன நாளிலிருந்து தனக்கும் சரியாகத் தூக்கமில்லை என்றார் மேடம். நல்லது செய்வதாக நினைத்து உங்களைத் தள்ளிவிட்டேனோ என்று இன்று இந்த மாடிப்படி ஏறுவதற்கே பயமாக இருந்தது என்றார். நடத்துகிறவரும் பயந்திருக்கிறார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஐஸ் கம்பெனி அண்ணன் வாயை மூடிக்கொள்ளாமல் பேசினார். "பயப்படாம இங்க எவன்மா வரான்? நான் வரும்போது அவுங்களும் கூடத்தான் வராங்க. உக்காந்து திட்டுறாங்க. நான் டீ குடிச்சிட்டுப் போறேன்."

நான் குழுவை விட்டுப் போகவில்லை. வேறு முடிவெடுக்கத் தைரியம் இல்லாததும் ஒரு காரணம். அதன் பிறகுதான் மேடம் வீட்டு ஆட்களையும் ஒருநாள் கூட்டி வரச் சொன்னார். என் வீட்டுக்காரர் முதலில் மறுத்தார், கடையில் லீவு கிடைக்காது என்றார். பிறகு ஒரு சனிக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்தார். மற்ற வீட்டார்கள் பேசினார்கள். இவர் கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தார். மேடம் கேட்டபோது ஒன்றுமில்லை என்றுதான் ஆரம்பித்தார்.

"எல்லாரும் இவ சந்தோஷமா இருக்கணும்னு சொல்றீங்க. எனக்கும் ஆசைதான். ஆனா இவ சிரிச்சா எனக்கு வயித்தைக் கலக்குது. அழுதா பரவால்ல, பக்கத்துல உக்காந்துக்குவேன். சிரிச்சா என்னா பண்றதுன்னு தெரியல. புள்ளையையும் அப்படியே ஆக்கிட்டேன். எங்க வூட்ல இப்ப யாருமே சிரிக்கிறதில்லைங்க."

சொல்லிவிட்டு மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னம் துடித்தது. இவ்வளவு வருடமும் அவர் என்னைக் காவல் காக்கிறார் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். அவர் பயந்துபோய் நிற்கிறார் என்பது எனக்குத் தெரியாது. நான் என் பயத்தோடு அடுப்படியிலும், அவர் தன் பயத்தோடு வாசற்படியிலும், மகள் தாழ்ப்பாளுக்கு அந்தப் பக்கமும் நின்றுகொண்டிருந்திருக்கிறோம்.

மேடம் அவரிடம் சொன்னது எனக்கு இன்றும் உதவுகிறது. "இனிமே சிரிப்பைப் பாக்காதீங்கண்ணா. தூக்கத்தைப் பாருங்க. தூக்கம் ரெண்டு நாள் கெட்டா வாங்க. தூங்கி எழுந்தவங்க சிரிச்சா, அது சிரிப்புதான்." அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார். புதுச்சத்திரம் வருவதற்குள் அவர் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. வாய் லேசாகத் திறந்திருந்தது. எந்த வண்டியில் போனாலும் நான் இறங்கும்வரை கண்ணை மூடாத மனிதர். எழுப்பவில்லை. தோள் மரத்துப்போனது. சிதம்பரம் வண்டிகேட்டில் கண்டக்டர் விசில் அடித்தபோது திடுக்கிட்டு எழுந்து, முதலில் என் கையைத் தேடினார்.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது, இப்போதும் நான் கடலூருக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். டியூஷனுக்கு இரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் அவர்களையே சேர்த்தேன். காடாம்புலியூர்க்காரி இப்போது ஜன்னல் பக்கம்கூட உட்காருகிறாள். அண்ணன் போன மாதம் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார், இன்னும் வரவில்லை. என் பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். நேற்று மகள் கல்லூரி விண்ணப்பத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே தோசை சாப்பிட்டாள், ஏதோ வேடிக்கை சொன்னாள். நான் சிரித்தேன். சிரித்து முடித்ததும் நெஞ்சு படபடவென்று அடித்தது. அது அடங்கும்வரை இருந்து, அவளுக்கு இன்னொரு தோசை ஊற்றினேன்.